சதாவதானமும் செயல்நினைவும்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பெட்டிகளை லாரியில் ஏற்றும் காட்சி நமக்குப் புதிதன்று. ஒருவர் அருகில் நின்று பெட்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். அவ்வேளையில், "நேற்று எத்தனை பெட்டி போயிற்று?" என்று வினவினால் அவருடைய எண்ணிக்கை தவறிவிடும். "சின்னமனூர் செல்லும் சாலை எப்பக்கம்?" என்று வினவினாலோ, எண்ணுவதை நிறுத்தாமலே கையை நீட்டிக் காட்டிவிடுவார். இரண்டு வினாவுக்கும் நினைவு வேண்டும். ஒன்று எண்ணிக்கையைக் கெடுக்கிறது; மற்றொன்று கெடுக்கவில்லை. இதன் காரணம் யாது?

செயல்நினைவு

ஒரு செய்தியைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்தி, அதைக் கொண்டு பணி செய்யும் ஆற்றலைச் செயல்நினைவு என்பர். மனக்கணக்கில் மிச்சம் வைத்துக் கூட்டுவதும், நீண்ட வாக்கியத்தின் எழுவாயைப் பயனிலை வரும்வரை மறவாதிருப்பதும் இதனாலேயே இயல்கின்றன. இது ஒரே அறை அன்று என்னும் கருத்தை 1974-இல் ஆலன் பேடெலி, கிரஹாம் ஹிட்ச் என்னும் ஆங்கில உளவியலறிஞர் இருவர் முன்வைத்தனர். கேட்ட சொல்லை உள்ளுக்குள் திரும்பத் திரும்ப ஒலித்துக் காப்பது ஒரு பகுதி. உருவத்தையும் இடத்தையும் வழியையும் மனக்கண்ணில் வரைந்து காப்பது மற்றொரு பகுதி. இவ்விரண்டையும் மேற்பார்த்துக் கவனத்தைப் பங்கிடுவது மூன்றாவது பகுதி. எண்ணிக்கொண்டிருப்பவரின் உள்ளொலியோடு மோதுவது மற்றோர் எண்ணே; திசை அன்று.

மூளை காட்டும் சான்று

இப்பிரிவு வெறும் கற்பனை அன்று. மூளையின் இடப்பக்கத்தில் காயமுற்ற ஒருவரைப் பற்றி எலிசபெத் வாரிங்டன், டிம் ஷாலிஸ் ஆகியோர் 1969-இல் எழுதினர். கேட்ட எண்களுள் ஒன்றிரண்டுக்கு மேல் அவரால் திருப்பிச் சொல்ல இயலவில்லை. ஆயினும் அவரது நெடுநாள் நினைவு பழுதுறவில்லை. இதற்கு மாறாக, எண்களைச் சரியாகச் சொல்லியும், வரிசையாகத் தொட்டுக் காட்டிய கட்டைகளை அதே முறையில் தொட இயலாத நோயாளிகளும் உளர். ஒன்று கெட மற்றொன்று நிற்பதால், இரண்டும் வெவ்வேறு என்பது தெளிவாகிறது.

1990களில், மூளையின் குருதியோட்டத்தைக் காட்டும் படக்கருவிகளைக் கொண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஜோனைடிஸ், எட்வர்ட் ஸ்மித் முதலியோர் ஆராய்ந்தனர். எழுத்துகளை நினைவில் வைத்தபோது பெரிதும் இடப்பக்க மூளையும், புள்ளிகளின் இடத்தை நினைவில் வைத்தபோது பெரிதும் வலப்பக்க மூளையும் தொழிற்பட்டன. எனினும் இது மதில் வைத்த எல்லை அன்று. பணி கடினமாகும்போது இருபக்கமும் கைகொடுக்கின்றன.

பாவலர் காட்டிய திறம்

நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் 1874-இல் பிறந்து, 1950-இல் மறைந்த செய்குத்தம்பிப் பாவலரைத் தமிழுலகம் நன்கறியும். சீறாப்புராணத்துக்கு உரை கண்ட அப்பெரும்புலவர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களில் கவனம் செலுத்தும் சதாவதானம் நிகழ்த்தினார். அவர் நினைவாக 2008-இல் அஞ்சல் தலையும் வெளியாயிற்று.

அவதானக் கலையின் உறுப்புகளை நோக்குங்கள். கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடிப்பது சொல்லின் பணி. சதுரங்கக் காய்களின் நிலையை மனத்தில் கொள்வது இடத்தின் பணி. முதுகில் எறியும் பூக்களை எண்ணுவது தொடுவுணர்வோடு கூடிய பணி. வெவ்வேறு வாயில்களில் நுழைவதால் இவற்றின் மோதல் குறைகிறது.

ஆயினும் அது மட்டும் போதாது. செயல்நினைவில் ஒரே நேரத்தில் நிற்பவை ஏறத்தாழ நான்கே என 2001-இல் நெல்சன் கோவன் மதிப்பிட்டார். அவ்வாறாயின் நூறு எங்ஙனம் நின்றன? தேர்ந்தோர் தம் துறைச் செய்திகளை நெடுநாள் நினைவில் உடனுக்குடன் பதித்து, வேண்டும்போது மீட்கின்றனர் என்று ஆண்டர்ஸ் எரிக்சனும் வால்ட்டர் கின்ட்ச்சும் 1995-இல் விளக்கினர். இவ்விளக்கம் அவதானிக்கும் பொருந்தும் எனலாம். யாப்பில் ஊறிய புலவருக்கு ஒரு வெண்பா பல சொற்கள் அன்று. எதுகையும் மோனையும் தளையும் கட்டிய ஒரே பொருள். அது பல்லாண்டுப் பயிற்சியின் விளைவு.

வகுப்பறைக்கு ஒரு சொல்

மூன்று கட்டளைகளை ஒரே மூச்சில் கேட்ட மாணவன் மூன்றாவதை மறந்தால் அவனை மந்தன் என்று ஒதுக்கிவிடுகிறோம். அவனது அறிவு குறைந்ததன்று; ஒலி தங்கும் சிறிய இடம் நிரம்பிவிட்டது. அதே செய்தியைக் கரும்பலகையில் ஒரு படமாக வரைந்தால் அவனும் பின்தொடர்வான். ஐந்திணைகளைச் சொல்லால் மட்டும் அடுக்காமல், மலையும் காடும் வயலுமாக நம் பள்ளத்தாக்கையே வரைந்து காட்டி, இங்கில்லாத கடலைத் தெற்கே சேர்த்துக் கற்பிக்கலாம்.

மாணவர்களும் ஒன்று கருத வேண்டும். பாட்டுக் கேட்டுக்கொண்டே பாடம் படிப்பவருக்குப் பாட்டின் சொற்களும் பாடத்தின் சொற்களும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. அங்கே தோற்பது பெரும்பாலும் பாடமே.

நினைவாற்றல் ஒருசிலருக்கே வாய்த்த வரம் என்று எண்ணிச் சோர்வடைய வேண்டா. நான்கே பொருள் தங்கும் சிற்றில்லம் எல்லார்க்கும் பொது. அதன் பின்னே எத்துணைப் பெரிய களஞ்சியம் கட்டுகிறோம் என்பது நம் உழைப்பைப் பொறுத்தது.