முன்சக்கரமும் பின்சக்கரமும்

கட்டுக்கரைக் குளத்தை அண்டிய வயல்களிலே உழவு இயந்திரத்தைக் காணாத மன்னார்ப் பிள்ளைகள் இலர். முன்னே சிறு சக்கரங்கள் இரண்டு. பின்னே பெருஞ் சக்கரங்கள் இரண்டு. சேற்றில் இழுக்கும் வேலை பெரும்பாலும் பின்சக்கரத்தின் பொறுப்பாதலால் இவ்வமைப்பு என்பது எவருக்கும் விளங்கும். ஆனால் சேற்றையே காணாத வேகக் கார்களிலும் பின் ரயர் முன் ரயரைவிட அகலமாக இருப்பது ஏன்? சென்ற தவணை மாணவன் ஒருவன் என்னைக் கேட்ட கேள்வி இது. அத்தகைய கார் வாங்கும் வசதி அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. எனினும் அதன் விடை நம்மவர் உயிரோடு தொடர்புடையதாதலின் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வளைவிலே கார் திரும்பும்போது ரயரின் இறப்பர் சற்றே முறுகுகின்றது. ஆகவே சக்கரம் நோக்கும் திசைக்கும் அது உண்மையிற் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் உண்டாகின்றது. இதனை நழுவற் கோணம் எனலாம். முன்சக்கரங்களின் நழுவல் மிகுந்தால் கார் திரும்ப மறுத்து வளைவின் வெளிப்புறமாகச் செல்லும். பின்சக்கரங்களின் நழுவல் மிகுந்தாலோ வால் வெளியே வீசப்பட்டு, வண்டி பம்பரம்போற் சுழலும். முன்னதை அண்டர்ஸ்டியர் என்றும், பின்னதை ஓவர்ஸ்டியர் என்றும் வழங்குவர். முன்னது நேர்ந்தால் வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தாற் போதும். பெரும்பாலும் கார் வழிக்கு வந்துவிடும். பின்னதில் அதே செயல் கேட்டை மிகுவிக்கும். அச்சங்கொண்ட மனிதன் முதலிற் செய்வதோ காலை எடுப்பதே!

இனி, ரயரின் மீது பாரம் இரட்டித்தால் அதன் பிடிப்பும் இரட்டிப்பதில்லை. சற்றுக் குறைவாகவே கூடும். பாரம் மிகுந்த பக்கமே வளைவில் முதலிற் கைவிடுவது இதனால்தான். ஜெர்மனியிலே 1963 இல் முதன்முதற் காட்சிக்கு வந்த போர்ஷே 911 என்னும் காரின் இயந்திரம் பின் அச்சுக்கும் பின்னால் அமைந்தது. தொடக்கத்தில் நான்கு ரயர்களும் ஓரளவினவே. அதன் வால் வீசும் குணமும் பெயர்பெற்றது. 1975 இல் வந்த அதன் ரேர்போ வகையில் முன் ரயர் 185 மில்லிமீற்றர் அகலமும், பின் ரயர் 215 மில்லிமீற்றர் அகலமும் கொண்டன. ஆயினும் உயரத்திற் பின்னது மிகவில்லை. முன்னதன் பக்கச்சுவர் அகலத்தில் 70 வீதம். பின்னதற்கு 60 வீதம். 15 அங்குல வளையத்தோடு கணக்கிட்டால் இரண்டும் ஏறக்குறைய 640 மில்லிமீற்றரே. மாணவர் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். போர்முலா ஒன்று பந்தயத்திலே 2022 இற் புகுத்தப்பட்ட ரயர்களில் முன்னது 305, பின்னது 405 மில்லிமீற்றர்.

அகலத்தால் ஆவதை ஓரளவு காற்றாலும் ஆக்கலாம். அமெரிக்காவில் 1960 ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த கொர்வெயர் என்ற பின் இயந்திரக் காருக்கு, முன் ரயரில் 15 இறாத்தலும் பின் ரயரில் 26 இறாத்தலும் காற்றடிக்குமாறு தயாரித்தோர் விதித்தனர். வாலை அடக்க அவர்கள் நம்பியது அந்த 11 இறாத்தல் வேறுபாட்டை! நான்கிற்கும் ஒரேயளவு அடித்தவர்கள் அந்தப் பாதுகாப்பை அறியாமலே இழந்தார்கள். 1965 இல் றால்ப் நாடர் எழுதிய நூலால் இந்தக் காரின் குறை நாடெங்கும் பேசப்பட்டது. நம்மூரில், சோளகம் மன்னார்ப் பாலத்தின்மீது பக்கவாட்டில் மோதும் நாட்களிலே, பின் ரயரிற் காற்றுக் குறைந்த வான் எவ்வாறு அலைகின்றது என்பதை அதில் இருந்தவர் அறிவர்.

நான் இதனைக் கற்றது புத்தகத்தில் மட்டுமன்று. என்னுடையது முன்சக்கர இழுவையுள்ள பழைய யப்பானியக் கார். சில ஆண்டுகளுக்கு முன், இரண்டு ரயர்கள் மாத்திரம் புதிதாக வாங்கினேன். “இழுக்கிறது முன்சில்லு, திருப்பிறதும் முன்சில்லு, புதுசை முன்னுக்குப் போடுங்கோ” என்றார் பூட்டியவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கார்த்திகை மழையிலே, விடத்தல்தீவைத் தாண்டிய ஒரு வளைவில், எதிரே மாடு வரக் கண்டு காலை எடுத்தேன். புதிய முன் ரயர்கள் நீரைக் கிழித்துத் தார் வீதியைப் பற்றின. தேய்ந்த பின் ரயர்கள் நீரின்மேல் மிதந்தன. கண் இமைப்பதற்குள் கார், வந்த திசையையே நோக்கி நின்றது. பின்னிருக்கையில் என் தாயார் இருந்தார். எவருக்கும் காயமில்லை, மாடும் தன்பாட்டிற் போயிற்று.

மறுநாளே புதியவற்றைப் பின்னுக்கு மாற்றுவித்தேன். பெரிய ரயர்க் கம்பனிகளும் இதையே கூறுகின்றன: இரண்டு மட்டும் வாங்கினால், எந்தச் சக்கரம் இழுப்பதாயினும், புதியவை பின்னுக்கே. ஆனால் அழகுக்காகப் பின்னுக்கு மட்டும் அகல ரயர் பூட்டும் இளைஞர்கள் இதைத் தமக்குச் சாதகமாகக் கொள்ளலாகாது. முன்பாரமுள்ள சிறு காருக்கு அது திரும்ப மறுக்கும் குணத்தையே கூட்டும். போதாக்குறைக்கு, அகன்ற ரயர் மழை நீரில் எளிதில் மிதக்கும். தலைமன்னார் வீதியிற் காற்றுக் கொணர்ந்து தூவும் மணலுக்கோ எந்த ரயரும் மருந்தன்று. வேகத்தைக் குறைப்பதே வழி.

இவ்வளவையும் கேட்ட மாணவன் ஒன்றும் பேசாமல் வெளியே சென்றான். சாளரத்தால் எட்டிப் பார்த்தேன். என் காரின் பின்னே குந்தியிருந்து, அடிமட்டத்தை ரயரின் பள்ளத்துள் விட்டு அளந்துகொண்டிருந்தான். “பரவாயில்லை, சேர். முன்னையதைவிட ஆழம்” என்றான்.