மீனில் ஏறிய பாதரசம்

பிள்ளை பெற்ற வீட்டில் சுறாப் புட்டு மணக்காவிடில் அது கடற்கரைத் தமிழர் வீடே அன்று என்பார் எம் அத்தையார். பால் சுரப்பதற்குச் சுறாவைப் போன்ற உணவு பிறிதில்லை என்பது தூத்துக்குடிப் பக்கத்துத் தாய்மார் வழிவழியாகச் சொல்லி வரும் செய்தி. எம் இளைய தங்கை தலைப்பேற்றை எதிர்நோக்கிக் கல்யாணில் எம்முடன் தங்கியிருந்தபோது, அத்தையார் சுறாக் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை ஊரிலிருந்து வந்தவர் கையில் கொடுத்தனுப்பினார். அதே வாரம் தங்கையைப் பார்த்த மருத்துவ அம்மையாரோ, "சுறாவும் மற்றப் பெரிய மீன்களும் இப்போது வேண்டா, அவற்றில் பாதரசம் மிகுதி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

வீட்டில் வழக்கு மூண்டது. "என்னய்யா, கடல்மீனு தெர்மாமீட்டரையா முழுங்குச்சு?" என்று அத்தையார் தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. பார்சல் அலுவலகத்தில் ஏடு எழுதும் குமாஸ்தாவுக்கு வேதியியல் எங்ஙனம் தெரியும்? பின்னர்த் தேடிப் படித்து அறிந்ததை நம் சங்கத்துக் குடும்பங்களின் பொருட்டு எழுதுகிறோம். எம் வீட்டு வழக்குப் பிற வீடுகளிலும் இருக்கக்கூடும்.

கதை ஜப்பான் நாட்டில் தொடங்குகிறது. கியூஷூ தீவில் மினமாட்டா என்றோர் ஊர், அமைதியான விரிகுடா, அதனை நம்பி வாழ்ந்த மீனவர். அவ்வூரில் சிஸ்ஸோ என்னும் நிறுவனத்தின் இரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளைச் செய்து வந்தது. அச்செய்முறைக்குப் பாதரசம் துணைப் பொருள். அதிற் சிறிது மெத்தில் பாதரசம் என்னும் கொடிய வடிவாக மாறிக் கழிவுநீருடன் விரிகுடாவிற் சேர்ந்தது.

முதலில் அறிவித்தவை பூனைகளே. மீன்குடலும் தலையும் தின்று வளர்ந்த அவை தள்ளாடின, சுழன்றாடின, சில கடலிலே வீழ்ந்து மாண்டன. 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் தொழிற்சாலை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். சில நாளில் அவள் தங்கையும் அவ்வாறே வந்தாள். மே 1ஆம் நாள் அம்மருத்துவமனைத் தலைவர் ஹோசோகாவா ஹஜிமே காரணம் அறியாத மூளைநோய் பரவுவதாகச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவித்தார். கைகால் மரத்தல், பார்வை குறுகுதல், நாக்குழறல், நடைதடுமாறல் ஆகியவை நோயின் குறிகள். தொற்றுநோய் என்றஞ்சிய அயலார் அவ்வீடுகளை ஒதுக்கினர். ஆயினும் நோயுற்றோரிடையே கண்ட ஒற்றுமை அனைவரும் அவ்விரிகுடா மீனை உண்டவர் என்பதே.

1959இல் குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் பாதரசத்தைச் சுட்டிக் காட்டினர். அதே ஆண்டு ஹோசோகாவா, தொழிற்சாலைக் கழிவுநீரை உணவிற் கலந்து 400ஆம் எண் பூனைக்கு ஊட்டிப் பார்த்தார். அக்டோபரில் அதற்கும் அதே நோய் கண்டது. நிறுவனம் அச்செய்தியை வெளியிடவில்லை. அவர் 1970இல் நோய்ப்படுக்கையிற் கிடந்தவாறே வழக்கிற் சாட்சி சொன்னார். ஜப்பானிய அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது 1968 செப்டம்பரில். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அச்செய்முறையே நின்றிருந்தது. நோய் அறிவிக்கப்பட்ட பின்னும் பன்னிரண்டு ஆண்டுகள் கழிவு சென்றுகொண்டிருந்தது! ஓர் உருப்படி காணாமற்போனால் ஒரு கிழமைக்குள் எம்மிடம் விளக்கம் கேட்கும் உலகம் இது.

இனி அத்தையாரின் கேள்விக்கு வருவோம். மீன் தெர்மாமீட்டரை விழுங்கவில்லை; விழுங்கியிருந்தாலும் பெருந்தீங்கு நேராது. வெள்ளிபோல் உருளும் நீர்மப் பாதரசத்தைக் குடல் பெரும்பாலும் ஏற்பதில்லை. அதன் ஆவியைச் சுவாசிப்பதே கேடு. கடலின் அடிச்சேற்றில், உயிர்வளி எட்டாத இடங்களில் வாழும் நுண்ணுயிர்கள், வந்துசேரும் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மினமாட்டாவில் ஆலை செய்துகொடுத்த வேலையை ஏனைக் கடல்களில் நுண்ணுயிர்கள் செய்கின்றன. உண்ட மெத்தில் பாதரசத்தை நம் குடல் ஏறத்தாழ முழுவதும் ஏற்றுக்கொள்கிறது.

நீரை அளந்து பார்த்தால் அது மிக அற்பம். ஆனால் நீரில் மிதக்கும் கண்ணுக்குப் புலப்படாத பாசியுயிர்கள் அதனை உறிஞ்சித் தம்முள் பல்லாயிரம் மடங்கு, இடத்துக்கேற்ப லட்சம் மடங்குக்கும் மேல், செறிவாக்குகின்றன. பெரிய தாவல் இதுவே. அப்பாசியைச் சிற்றுயிர்கள் மேயும். அவற்றை நெத்திலியும் மத்தியும் உண்ணும். அவற்றைப் பெருமீன் வேட்டையாடும். இறுதியிற் சுறா வந்து நிற்கும். ஒவ்வொரு படியிலும் செறிவு சில மடங்கு ஏறுகிறது.

ஏன் ஏறவேண்டும்? எம் தொழில் முறையிற் சொல்வதானால், இது கணக்கேட்டின் முன்னிருப்புப் போன்றது. உண்ட உணவிற் பெரும்பகுதி நீந்துவதற்கும் உயிர்ப்பதற்கும் எரிந்துவிடுகிறது, சிறுபகுதியே தசையாகிறது. பாதரசம் எரிவதில்லை. தசையின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கும். வரவு நாள்தோறும், செலவோ மிக மெல்ல. மனித உடலில் உட்சென்றதிற் பாதி வெளியேறவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். மீனுடலில் இன்னும் நெடுங்காலம். பல ஆண்டு வாழும் சுறாவின் முன்னிருப்பு எவ்வளவாகும் என்பதைக் கணக்கர் எவரும் ஊகிக்கலாம்.

அமெரிக்க அரசின் உணவுத் துறையார் தம் நாட்டுச் சந்தை மீன்களை அளந்து வெளியிட்ட கணக்கும் இதையே காட்டுகிறது. ஒரு கிலோ மத்தியில் சராசரி 0.013 மில்லிகிராம் பாதரசம். ஒரு கிலோ சுறாவில் 0.979 மில்லிகிராம். ஏறத்தாழ 75 மடங்கு! தசையிற் கலந்திருப்பதால் எத்துணை அலசினும், புளி ஊற்றிக் கொதிக்கவைப்பினும் போகாது. கருவாட்டில் நீர் வற்றிவிடுவதால், ஒரே எடைக்குப் பாதரசம் மிகுதியாகவே இருக்கும்.

இங்கு ஆலையே இல்லையே என்பார்க்கும் விடை உண்டு. இன்று உலகில் மனிதரால் வெளிப்படும் பாதரசத்தில் முதலிடம் சிறு தங்கச் சுரங்கங்களுக்கு. அடுத்தது நிலக்கரிப் புகைக்கு. ஆவியாய்க் காற்றிலேறும் பாதரசம் நாடு கடந்து மழையோடு கடலில் இறங்குகிறது. மினமாட்டாவின் பெயரால் 2013இல் உலக நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன; அது 2017இல் நடைமுறைக்கு வந்தது; 2018இல் நம் நாடும் அதனை ஏற்றது. மினமாட்டாவில் இருந்ததைப் போன்ற நஞ்சு நம் சந்தைச் சுறாவில் இல்லை. ஆயினும் வயிற்றுப்பிள்ளைக்குச் சிறு அளவும் பொருட்டாகும்.

அப்பிள்ளையின் செய்தியே எம்மை உலுக்கியது. மினமாட்டாவில் அதிக நோய்க்குறி காணாத தாயர் வயிற்றிற் கை கால் முடங்கிய குழந்தைகள் பிறந்தன. தாய் உண்ட நஞ்சு நஞ்சுக்கொடி கடந்து பிள்ளையிற் சேர்ந்திருந்தது. பிள்ளையின் குருதியில் அது தாயினும் மிகுதி. இஃது அந்நோயே என 1962இல்தான் ஏற்கப்பட்டது. ஜப்பானியர் குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பெட்டியில் வைத்துப் போற்றுவர். நம்மவரும் வெள்ளித் தாயத்தில் அடைத்துக் கட்டுவதில்லையா? அன்புடன் வைத்திருந்த அக்கொடிகளைப் பிற்காலத்தில் ஆய்ந்தபோது மெத்தில் பாதரசம் வெளிப்பட்டது.

2004இல் அமெரிக்க அரசு கருவுற்றோர், பாலூட்டுவோர், சிறு குழந்தைகள் ஆகியோர் சுறாவைத் தவிர்க்கவேண்டுமென அறிவுறுத்தியது. மீனையே விலக்கச் சொல்லவில்லை. மீனின் கொழுப்பும் அயோடினும் பிள்ளையின் மூளைக்கு வேண்டியவை. மத்தி, நெத்திலி போன்றவற்றை வாரம் இருமுறை தாராளமாக உண்ணலாம். இங்குள்ள சந்தையில் மத்தி 'தார்லி' எனக் கிடைக்கும். 'மோரி' என்று விற்பது சுறா. பெயர் தெரியாமல் வாங்கிவிட வேண்டா.

இவ்வளவையும் அத்தையாரிடம் தொலைபேசியிற் சொன்னோம். பூனைகளின் கதையை அவர் நம்பவில்லை. தொப்புள்கொடிச் செய்தியைக் கேட்டதும் பேச்சு நின்றது. அடுத்து ஊரிலிருந்து வந்த பொட்டலத்தில் நெத்திலிக் கருவாடு இருந்தது. பழைய சுறாவை நாமும் எம் மனைவியும் தின்று தீர்த்தோம். தங்கைக்குப் பெண் குழந்தை; பாலுக்குக் குறைவில்லை.