மியூசிக்கைக் கடைசியா சேருங்க: வீடியோவுக்கு சவுண்ட் அமைக்கிற வரிசை

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்ன டெஸ்ட்டோட ஆரம்பிக்கலாம். நீங்க கடைசியா எடிட் பண்ணின வீடியோவை ஓடவிட்டு, போனைக் குப்புற வைங்க. சத்தத்தை மட்டும் கேளுங்க. யார் பேசுறாங்க, எங்க இருக்காங்க, என்ன சொல்ல வர்றாங்கன்னு புரியுதா? அடுத்து, அதே வீடியோவை மியூட்ல போட்டு படத்தை மட்டும் பாருங்க.

சமையல், ரிவ்யூ, வ்லாக், பாடம்னு நாம எடுக்கிற பெரும்பாலான வீடியோக்கள்ல, முதல் டெஸ்ட்ல பாதி விஷயமாவது புரிஞ்சிடும். ரெண்டாவதுல வாய் அசையிறது மட்டும்தான் தெரியும். படம் கொஞ்சம் மங்கலா இருந்தா நாம பொறுத்துக்குவோம். பேசுறது புரியலைன்னா விரல் தானா அடுத்த வீடியோவுக்குப் போயிடும்.

வீடியோவுக்கு சவுண்ட் சேர்க்கிறது பத்திக் கேட்டவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கேட்ட கேள்வி, "எந்த மியூசிக் போடலாம்?" என்னைக் கேட்டா, அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. முதல்ல குரல். அப்புறம் அந்த இடத்தோட சத்தம். அப்புறம் எஃபெக்ட். மிச்சம் இருக்கிற இடத்துல மியூசிக். இந்த வரிசை மாறினாதான் எல்லாக் குழப்பமும் வருது.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். உங்க தெருமுனை டீக்கடையைப் பத்தி ஒன்றரை நிமிஷ வீடியோ. மாஸ்டர் டீ ஆத்துறார், நாலு பேர் நின்னு குடிக்கிறாங்க, மேல உங்க வாய்ஸ் ஓவர்.

குரல்: மைக்கை விட தூரம் முக்கியம்

நல்ல மைக் வாங்குறதுக்கு முன்னாடி, இருக்கிற மைக்கைப் பக்கத்துல கொண்டு வாங்க. மைக்குக்கும் வாய்க்கும் இருக்கிற தூரம் ரெண்டு மடங்கானா, உங்க குரல் நேரடியா மைக்குக்குப் போறது சுமார் 6 டெசிபல் குறையும். ஆனா சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற எதிரொலி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். தள்ளி நின்னு பேசினா பாத்ரூம்ல பேசுற மாதிரி கேக்குறது இதனாலதான். ஒரு சாண் தூரம் போதும். மைக்கை வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் பக்கவாட்டுல வச்சா, "ப" சொல்லும்போது மூச்சுக்காத்து மைக்ல மோதி வர்ற "டப்" சத்தமும் குறையும்.

ஃபேனை நிறுத்துங்க. ரெண்டு நிமிஷம் வேர்க்கும், பரவாயில்ல. வெறும் சுவர் இருக்கிற ரூமை விட, துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து வச்சு அதைப் பாத்துப் பேசினா எதிரொலி நல்லா அடங்கும். மெத்தை, போர்வை, தலையணை எல்லாமே இதுக்கு உதவும்.

ஸ்கிரிப்ட்டைப் பேச்சுத் தமிழ்லயே எழுதுங்க. "அவர் தேநீர் தயாரிக்கும் முறை தனித்துவமானது"ன்னு எழுதி வச்சுப் படிச்சா செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும். "இவர் டீ போடுற ஸ்டைலே வேற"ன்னு எழுதினா உங்க குரல் தானா இயல்பாயிடும்.

ரெக்கார்ட் பண்ணி முடிச்சதும், வாயை மூடிக்கிட்டு இன்னொரு 10 செகண்ட் ரெக்கார்டிங் ஓடட்டும். சும்மா இருக்கிற ரூமுக்கும் ஒரு சத்தம் இருக்கு. நடுவுல ஒரு இருமலை வெட்டி எடுத்தா அந்த இடம் செத்துப் போன மாதிரி கேக்கும். அங்க இந்த 10 செகண்ட்லருந்து ஒரு துண்டை வச்சு ஒட்டுங்க, வெட்டினதே தெரியாது.

செட்டிங்ஸ்ல ஒண்ணே ஒண்ணைப் பாத்துக்குங்க. வீடியோ வேலைக்கு ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ்ல இருக்கிறதுதான் வழக்கம். 44.1ங்கிறது சி.டி. காலத்துலருந்து வர்ற எண். எல்லா ஃபைலையும் 48ல வச்சுக்கிட்டா பின்னாடி தலைவலி குறையும். இந்த வேலைக்கெல்லாம் காசு செலவழிக்க வேண்டியதில்ல. குரலைச் சுத்தம் பண்ண ஆடசிட்டி இலவசம். வீடியோவோட சேர்த்துப் பண்ண டாவின்சி ரிசால்வோட இலவசப் பதிப்பே தாராளம்.

இடத்தோட சத்தம்: இதைத் தூக்கிப் போடாதீங்க

இப்ப டீக்கடைக்கு வருவோம். உங்க குரலை மட்டும் வச்சு, ஒரிஜினல் சத்தத்தை முழுசா எடுத்துட்டா என்ன ஆகும்? டீ உயரத்துலருந்து விழும், சத்தம் வராது. கிளாஸை வாளித் தண்ணியில முக்குவாங்க, சத்தம் வராது. பாக்கிறவங்களுக்கு ஏதோ கண்ணாடிக்குப் பின்னாடி நிக்கிற மாதிரி இருக்கும்.

அதனால ஷூட் பண்ணும்போதே, கேமரா வேலை முடிஞ்ச பிறகு போனை பாய்லர் பக்கத்துல, கிளாஸ் கழுவுற இடத்துல, தெருவைப் பாத்துன்னு மூணு இடத்துல அரை நிமிஷம் பிடிச்சு சத்தத்தை மட்டும் எடுத்து வைங்க. எடிட்ல அதைக் குரலுக்கு அடியில மெல்லிசா ஓடவிடுங்க. குரல் நிக்கிற இடத்துல மட்டும் அது மேல எழும்பட்டும். அந்த ரெண்டு செகண்ட்ல கடை உயிரோட வந்து நிக்கும்.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல தாத்தாவோட வீடியோ ஒண்ணு இருக்கு. திண்ணையில உக்காந்து, கையை ஆட்டி ஆட்டி எதையோ விளக்கிக்கிட்டு இருப்பார். குரூப்புக்கு வரும்போதே அதுல ஒரிஜினல் சத்தம் இல்ல, மேல ஒரு சினிமாப் பாட்டு. அன்னைக்கு எல்லாரும் ஹார்ட் போட்டாங்க. தாத்தா இப்ப இல்ல. அந்தப் பாட்டு எந்த ஆப்லயும் ஒரு நொடியில கிடைக்கும். அவர் அன்னைக்கு என்ன சொன்னார்னு கேக்கத்தான் வழியில்ல. ஒரிஜினல் ஃபைல் இருந்த போனும் போயிடுச்சு.

அதனால வீட்டு வீடியோவோ கல்யாண வீடியோவோ, பாட்டு போடுங்க, தப்பே இல்ல. ஆனா ஒரிஜினல் ஆடியோவை டெலீட் பண்ணாம வால்யூமை மட்டும் குறைங்க. எடிட் பண்ணாத ஃபைலைத் தனியா ஒரு இடத்துல பேக்கப் எடுத்து வைங்க. பத்து வருஷம் கழிச்சு யாரும் மியூசிக்கைத் தேட மாட்டாங்க, குரலைத்தான் தேடுவாங்க.

எஃபெக்ட்: நிஜமா இருக்க வேண்டியதில்ல, நம்பும்படி இருக்கணும்

சினிமாவுல ஃபோலின்னு ஒரு வேலை இருக்கு. 1920களோட கடைசியில படங்கள் பேச ஆரம்பிச்சப்போ, யுனிவர்சல் ஸ்டூடியோவுல ஜாக் ஃபோலிங்கிறவர் திரையில ஓடுற படத்தைப் பாத்துக்கிட்டே காலடிச் சத்தம் மாதிரியான ஒலிகளை உண்டாக்கினார். அவர் பேரே அந்த வேலைக்குப் பேராயிடுச்சு. 1977ல வந்த ஸ்டார் வார்ஸ் படத்துல லைட் சேபரோட "வூம்" சத்தத்தை பென் பர்ட் எப்படிப் பிடிச்சார் தெரியுமா? பழைய புரொஜெக்டர் மோட்டாரோட ரீங்காரத்தையும், டி.வி. பிக்சர் ட்யூப் பக்கத்துல மைக் போனப்போ வந்த இரைச்சலையும் சேர்த்துத்தான்.

நமக்கும் இதே வசதி உண்டு. டீக்கடையில எடுத்த டீ ஆத்துற சத்தம் தெளிவா இல்லையா? வீட்டுல ஒரு டம்ளர்லருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணி ஊத்தி ரெக்கார்ட் பண்ணுங்க. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆனா டைமிங் தப்பினா எல்லாருக்கும் தெரியும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோட ஒரு பரிந்துரைப்படி, சத்தம் படத்தை விட சுமார் 45 மில்லி செகண்ட் முந்தினாலே மனுஷங்க கண்டுபிடிச்சிடுவாங்க. பிந்தினா சுமார் 125 மில்லி செகண்ட் வரைக்கும் தெரியாது. ஏன் இந்த ஓரவஞ்சனை? இயற்கையில வெளிச்சம்தான் முதல்ல வரும். மின்னல் வெட்டின பிறகுதானே இடி கேக்குது? சத்தம் லேட்டா வர்றது நம்ம மூளைக்குப் பழக்கம், முந்தி வர்றது பழக்கமில்ல. செகண்டுக்கு 25 ஃப்ரேம் வீடியோவுல ஒரு ஃப்ரேம்னா 40 மில்லி செகண்ட். அப்படின்னா ரெண்டு ஃப்ரேம் முந்தினா மாட்டிக்குவீங்க, ரெண்டு ஃப்ரேம் பிந்தினா தப்பிச்சிடுவீங்க. சந்தேகம் வந்தா எஃபெக்ட்டைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க.

இன்னொண்ணு, ஒவ்வொரு கட்டுக்கும் "வூஷ்", ஒவ்வொரு எழுத்துக்கும் "டிங்" வேண்டாம். ஒரு எஃபெக்ட்டை எடுத்துட்டுப் பாருங்க. வீடியோ எதையும் இழக்கலைன்னா அது அங்க தேவையே இல்ல.

மியூசிக்: மிச்ச இடத்துல உக்கார வைங்க

இப்பதான் மியூசிக். வாய்ஸ் ஓவர் ஓடும்போது வரிகள் இருக்கிற பாட்டு வேண்டாம். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா எதையும் முழுசாப் பிடிக்க முடியாது இல்லையா, அதே கதைதான். வாத்திய இசையா எடுங்க. அளவுக்கு ஒரு ஆரம்பப் புள்ளி: குரலை விட 15லருந்து 20 டெசிபல் கீழ வைங்க. அப்புறம் காதுதான் நீதிபதி. பல எடிட்டர்கள்ல டக்கிங்னு ஒரு வசதி இருக்கு, குரல் வரும்போது மியூசிக் தானா இறங்கி, குரல் நின்னதும் ஏறும்.

அப்படியும் குரல் அமுங்கினா ஈக்வலைசரைத் திறங்க. சொற்களைப் பிரிச்சுக் காட்டுற மெய்யெழுத்துத் தெளிவு பெரும்பாலும் 2,000லருந்து 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கு. குரலை ஏத்துறதுக்குப் பதிலா, மியூசிக் டிராக்ல அந்தப் பகுதியை மட்டும் 3, 4 டெசிபல் குறைங்க. குரலுக்கு ஒரு வழி திறந்த மாதிரி இருக்கும்.

மொத்த வீடியோவையும் சத்தமா ஏத்தி விட்டா எடுபடும்னு நினைக்காதீங்க. யூடியூப் சுமார் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். அளவைத் தாண்டுற வீடியோவை, ஓடும்போது தானா குறைச்சிடும். கத்தினதுக்குப் பலன் இல்ல, கரகரப்புதான் மிச்சம்.

அடுத்து காப்புரிமை. "10 செகண்ட் வரைக்கும் ஃப்ரீ"ங்கிறது கட்டுக்கதை, அப்படி ஒரு சட்டமே இல்ல. கீழ "கிரெடிட்ஸ் டு ஓனர்"னு எழுதினா அது அனுமதி ஆயிடாது. யூடியூபோட கன்டென்ட் ஐ.டி. அந்தத் துண்டைக் கண்டுபிடிச்சா, உங்க வீடியோவோட விளம்பர வருமானம் பாட்டோட உரிமையாளருக்குப் போகலாம், வீடியோவே முடங்கவும் செய்யலாம். ரீல்ஸ்ல கிடைக்கிற பாட்டை அப்படியே யூடியூபுக்குக் கொண்டு போனா, அந்த அனுமதி கூட வராது.

பழைய பாட்டுல இன்னொரு சிக்கல். பாரதியார் 1921லயே இறந்துட்டார், அவர் வரிகள் எல்லாருக்கும் பொது. ஆனா போன வருஷம் ஒருத்தர் இசையமைச்சு, பாடி வெளியிட்ட பாரதி பாட்டு அப்படி இல்ல. அந்த மெட்டுக்குத் தனி உரிமை, அந்த ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை வெளியாகி 60 வருஷம் நீடிக்கும். நீங்களே ஒரு புது மெட்டு போட்டு, நீங்களே பாடி ரெக்கார்ட் பண்ணினா பிரச்சினையே இல்ல.

பாதுகாப்பான வழின்னா யூடியூபோட ஆடியோ லைப்ரரி. எஃபெக்ட்டுக்கு ஃப்ரீசவுண்ட் தளம். ரெண்டுலயும் டவுன்லோட் பண்றதுக்கு முன்னாடி லைசென்ஸைப் படிங்க. சிலதுக்கு உருவாக்கினவர் பேரைப் போடணும். ஃப்ரீசவுண்ட்ல சிலதை, காசு வர்ற வீடியோவுல பயன்படுத்தக் கூடாது.

எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாடி

கடைசியா மூணு தடவை கேளுங்க. இயர்போன்ல ஒருதடவை, கிளிக்கும் மூச்சுச் சத்தமும் மாட்டும். போன் ஸ்பீக்கர்ல ஒருதடவை, அதுல பேஸ் கிட்டத்தட்ட வராது, பல பேர் கேக்கப் போறதும் அதுலதான். மூணாவதா, வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே வாங்க. முதல்ல மறைய வேண்டியது மியூசிக். கடைசி வரைக்கும் நிக்க வேண்டியது குரல். அந்த வரிசையில மறைஞ்சா எக்ஸ்போர்ட் பட்டனைத் தட்டுங்க.

அடுத்த எபிசோட்ல சப்டைட்டில் பத்திப் பேசலாம். காது கேக்காதவங்களுக்கும், பஸ்ல இயர்போன் இல்லாம பாக்கிறவங்களுக்கும் அந்தக் குரல் எப்படிப் போய்ச் சேரணும்னு பாப்போம். டாட்டா மக்களே.