பெட்டியில் 1000 வாட், காதில் கொசுவின் ரீங்காரம்: கணினி ஒலிபெருக்கி வாங்கும் முன்...

பிள்ளையின் படிப்புக்காக மடிக்கணினி வாங்கிய வீடுகளில், அடுத்த சில வாரங்களில் ஒலிபெருக்கி பற்றிய பேச்சு வந்துவிடுகிறது. பகலில் இணைய வகுப்பு, மாலையில் அப்பாவின் பழைய பாடல்கள், இரவில் குடும்பத்தோடு ஒரு படம். மூன்றுக்கும் மடிக்கணினியின் சத்தம் போதவில்லை. பாடகரின் குரல் கேட்கிறது, வயலின் கேட்கிறது. ஆனால் இளையராஜா பாடல்களின் அடியில் ஓடிக்கொண்டிருக்கும் பேஸ் கித்தார் காணாமல் போய்விடுகிறது. தவிலின் அடி, தட்டில் விரலால் தட்டியது போல் வருகிறது. பாட்டில் பாதிதான் வீட்டுக்கு வந்து சேர்கிறது.

அந்தப் பாதியைத் தேடித்தான் பலரும் கடைக்குப் போகிறார்கள். மேசையில் அதிக இடம் இல்லை, காலடியில் தனிப் பெட்டி வைக்கவும் வசதியில்லை. அதனால் 'பேஸ் உள்ளேயே இருக்கிறது' என்று சொல்லப்படும் சிறிய ஜோடி ஒலிபெருக்கியைக் கேட்கிறார்கள். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் '1000 வாட்' என்று இருக்கும். வீட்டுக்கு வந்து செருகினால் மடிக்கணினியைவிடக் கொஞ்சம் சத்தம் கூடியிருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

முதலில் அந்த 1000 வாட் கணக்கைப் பார்த்துவிடலாம். சாதாரண பழைய யுஎஸ்பி துளை தரும் மின்சாரம் 5 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 2.5 வாட். நீல நிறத்தில் வரும் புதிய வகைத் துளை 0.9 ஆம்பியர் தரும், அதாவது 4.5 வாட். டைப்-சி துளை அதே 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் தந்தால்கூட 15 வாட்தான். யுஎஸ்பி கம்பி ஒன்றை மட்டும் நம்பி ஓடும் ஒலிபெருக்கி 1000 வாட் சத்தம் தருகிறது என்றால், மீதி மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கடைக்காரரிடம் கேட்கலாம்.

பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 'பிஎம்பிஓ' என்ற நான்கு எழுத்து சின்னதாக இருக்கும். ஒரு நொடியின் சிறு பகுதியில் எட்டக்கூடியதாகச் சொல்லப்படும் உச்சம் அது. அதை அளக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது, ஆகவே எந்த எண்ணையும் போடலாம். பார்க்க வேண்டியது 'ஆர்எம்எஸ்' என்று போட்டிருக்கும் எண். தொடர்ந்து தரக்கூடிய சக்தி அது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மேசை ஒலிபெருக்கிக்கு 5 முதல் 20 வாட் ஆர்எம்எஸ் இருந்தால் ஓர் அறைக்குத் தாராளம். 10 வாட்டுக்குப் பதில் 20 வாட் வாங்கினால் சத்தம் இரட்டிப்பாகிவிடும் என்று நினைக்கவும் வேண்டாம். சக்தியை இரு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபெல், காதுக்கு அது சிறிய வித்தியாசம். காது 'இரண்டு மடங்கு சத்தம்' என்று உணர, சக்தி ஏறக்குறைய பத்து மடங்காக வேண்டும்.

அப்படியானால் அடியொலி எங்கிருந்து வருகிறது? காற்றைத் தள்ளுவதிலிருந்து. மனிதக் காது கேட்கும் எல்லை 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. பேஸ் கித்தாரின் மிகக் கீழான தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதிர்வு குறையக் குறைய, அதே சத்தத்துக்குத் தள்ள வேண்டிய காற்று மளமளவென்று கூடும். 100 ஹெர்ட்ஸில் கேட்கும் சத்தத்தை 50 ஹெர்ட்ஸிலும் கேட்க வேண்டுமானால் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். இரண்டு அங்குலக் கூம்பால் அது முடியாது. நான்கு அங்குலக் கூம்பின் பரப்பு அதைப் போல் நான்கு மடங்கு. அதனால் பெட்டியில் உள்ள எல்லா எண்களையும்விட, துணித் திரைக்குப் பின்னால் இருக்கும் கூம்பின் அளவுதான் உண்மையைச் சொல்லும்.

சிறிய பெட்டியில் பெரிய கூம்பு பொருந்தாது. அங்கேதான் தயாரிப்பாளர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். இரண்டுமே நம் கச்சேரி மேடையில் ஏற்கெனவே இருப்பவை.

ஒன்று, கடத்தின் வழி. காலிப் போத்தலின் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு கீழ்ச் சத்தம் வரும். உள்ளே அடைபட்ட காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வில் குதிப்பதால் வருவது அது. கட வித்துவான் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அந்த அடியொலியை மாற்றுகிறார். ஒலிபெருக்கிப் பெட்டியின் பின்புறமோ கீழேயோ ஒரு குழாய்த் துளை இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்கிறது. கூம்பின் பின்பக்கம் வீணாகும் காற்றசைவைப் பிடித்து, அடியொலிக்குப் பலம் சேர்க்கிறது. ஆனால் துளை சுவரோடு ஒட்டி அடைபட்டால் பயன் இல்லை. நாலு விரல் இடைவெளியாவது விட வேண்டும்.

இன்னொன்று, மிருதங்கத்தின் வழி. கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். தோலின் எடை கூடியதும் சுருதி இறங்கி, 'தொம்' என்ற கனமான நாதம் வரும். சில சிறு ஒலிபெருக்கிகளின் பின்னாலோ பக்கவாட்டிலோ, மின்கம்பி எதுவும் இணைக்கப்படாத, ரப்பர் விளிம்பு கொண்ட ஒரு வட்டத் தகடு இருக்கும். 'பேசிவ் ரேடியேட்டர்' என்பது அதன் பெயர். முன்னால் உள்ள கூம்பு அசையும்போது பெட்டிக்குள் இருக்கும் காற்று இந்தத் தகட்டையும் அசைக்கிறது. தகட்டின் எடையை எவ்வளவு வைப்பது என்பதில்தான் அடியொலி நிர்ணயமாகிறது. குழாய் வைக்க இடமில்லாத குட்டிப் பெட்டிகளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும்.

இதற்கு நல்ல உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1981ஆம் ஆண்டு சிம் வோங் ஹூ சிங்கப்பூரில் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989இல் 'சவுண்ட் பிளாஸ்டர்' ஒலி அட்டையை வெளியிட்டு, 'பீப்' என்று மட்டும் கத்திக்கொண்டிருந்த கணினிகளை உலகமெங்கும் பாடவைத்தது. அதே நிறுவனத்தின் 'பெபிள்' வகை மேசை ஒலிபெருக்கிகள் உருண்டைக் கல் போல் இருக்கும். முன்னால் இரண்டு அங்குலக் கூம்பு, பின்னால் பேசிவ் ரேடியேட்டர். கூம்பு 45 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருப்பதால் சத்தம் மேசையில் மோதாமல் காதுக்கு நேராக வருகிறது. இதே பாணியில் வேறு நிறுவனங்களும் செய்கின்றன. எந்தப் பெயராக இருந்தாலும், இரண்டு அங்குலத்திடம் உறுமி மேளத்தை எதிர்பார்க்கக் கூடாது. மேசையில் உட்கார்ந்து ஒருவர் பாட்டுக் கேட்க அது போதும். வரவேற்பறையில் பத்துப் பேர் படம் பார்க்க மூன்று, நான்கு அங்குலக் கூம்பும், சுவரில் செருகும் தனி மின்சாரமும் தேவை. அதற்கும் மேல் வேண்டுமென்றால் தனி அடியொலிப் பெட்டியோடு வரும் '2.1' வகைதான். 'பேஸ் உள்ளேயே' என்ற சொல்லுக்கு ஆசைப்பட்டு நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

மலிவுப் பெட்டிகள் சில, இந்த வழிகள் எதுவும் இல்லாமல், மின்சுற்றிலேயே அடியொலியைத் திருகிக் கூட்டிவிடும். கடையில் நின்று கேட்கும்போது 'அட, கும்மென்று இருக்கிறதே' என்று தோன்றும். வீட்டில் பிள்ளை வகுப்பைக் கேட்கும்போதுதான் வினை தெரியும். ச, த, ப போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் கேட்க உதவுவது மேல் அதிர்வுகள். அடியொலி அவற்றை மூடிவிட்டால் ஆசிரியர் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கும். ஆகவே அடியொலியைக் குறைக்கவும் கூட்டவும் தனித் திருகு உள்ளதா என்று பார்த்து வாங்குவது நல்லது. வகுப்புக்குக் குறைத்து, பாட்டுக்குக் கூட்டிக்கொள்ளலாம்.

கடையில் சோதிப்பதற்கு, அவர்கள் போடும் விளம்பரப் பாட்டை நம்பாமல், நூறு முறை கேட்டுப் பழகிய ஒரு பாட்டைக் கைப்பேசியில் கொண்டுபோக வேண்டும். முதலில் சத்தத்தைக் குறைத்துக் கேட்கவும். பேஸ் கித்தார் ஏறி இறங்குவது தெரிகிறதா, அல்லது எல்லா அடியும் ஒரே 'தும் தும்' என்று விழுகிறதா? ஒரே மாதிரி விழுந்தால் அது வெறும் பெட்டியின் சத்தம். பிறகு முக்கால் அளவுக்கு ஏற்றவும். பிளாஸ்டிக் கடகடவென்று நடுங்கினால் வைத்துவிட்டு வரலாம். கடையின் மூலை அலமாரியில் வைத்திருந்தால் எடுத்து வெளியே வைக்கச் சொல்லவும். சுவர் மூலை எந்தப் பெட்டிக்கும் அடியொலியைக் கூட்டிக் காட்டும். அந்த இரகசியத்தை வீட்டில் நாமும் இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது வேறு விஷயம்.

புளூடூத் இருந்தால் வசதிதான், ஆனால் கம்பி இணைப்பும் இருக்கட்டும். காற்றுவழி வரும் சத்தம் சற்றுத் தாமதமாகலாம். படத்தில் வாய் முன்னே போகும், வசனம் பின்னே வரும். கம்பியில் இணைத்தபின் 'ங்ங்' என்ற இரைச்சல் கேட்டால், உடனே ஒலிபெருக்கியைக் குறை சொல்ல வேண்டாம். மடிக்கணினியின் சார்ஜரை ஒரு நிமிடம் கழற்றிப் பார்க்கவும். இரைச்சல் நின்றுவிட்டால் கோளாறு மின் இணைப்பில்தான்.

சுவரில் செருகும் வகையாக இருந்தால், அடாப்டரில் சிரிம் முத்திரை உள்ளதா என்பதைக் கண்ணால் பார்த்தே வாங்க வேண்டும். பழைய மின்கம்பியோடு இருக்கும் தோட்டத்துப் பலகை வீடுகளில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. பத்து ரிங்கிட் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அது அறையைவிடப் பெரியது. ஒலிபெருக்கியை வேறு பக்கம் திருப்பி வைத்தாலும், கதவைச் சாத்தினாலும், அடுத்த வீட்டுக்காரருக்குப் பாட்டு கேட்காது, அடி மட்டும் கேட்கும். பாட்டில்லாத அடியைப் போல் எரிச்சலூட்டுவது வேறில்லை. பெட்டிக்கு அடியில் பழைய ரப்பர்ச் செருப்பை நான்கு துண்டாக வெட்டி வைத்தால், மேசை வழியாகவும் தரை வழியாகவும் இறங்கும் அதிர்வு ஓரளவு குறையும். இரவு பத்து மணிக்குப் பிறகு அடியொலித் திருகைக் குறைத்துவிடுவது அதைவிடச் சிறந்த வைத்தியம்.

வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்தவும். இணையத்தில் வாங்கினால் விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்த வாட், கூம்பின் அளவு எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளவும். சொன்னதும் வந்ததும் வேறாக இருந்து, விற்றவரும் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பதிவு செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்.