சந்தில் பழகும் கோல்ஃப்

முலுண்டில் ரயிலேறி, குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறினால் இரண்டாவது ஸ்டேஷன் செம்பூர். செட்டா நகர் முருகன் கோயிலுக்குப் போய்வரும் மும்பைத் தமிழர்களுக்கு நன்றாகப் பழகிய இடம். அங்கேதான் 1927-இல் தொடங்கப்பட்ட பாம்பே பிரெசிடென்சி கோல்ஃப் கிளப்பின் 18 குழி மைதானம் இருக்கிறது. மதிலுக்கு உள்ளே பச்சைப் புல்வெளி, வெளியே கூட்டம் கூட்டமாகத் தகரக் கூரைகள். அந்தக் கூரைகளின் கீழிருந்து காலையில் கிளப்புக்குப் போய், உறுப்பினர்களின் மட்டைப் பையைச் சுமக்கிற 'கேடி'கள் பலர். வேலை முடிந்து வந்ததும் அவர்கள் தங்கள் சந்துகளிலேயே கோல்ஃப் ஆடுகிறார்கள். கட்டடக் கம்பியை வளைத்தால் மட்டை. கைப்பிடிக்கு ரப்பர் சுற்று. பந்து பிளாஸ்டிக்கில். போலந்துப் புகைப்படக் கலைஞர் தோமாஷ் குட்ஸோவாட்டி இந்த ஆட்டத்தைப் படமெடுத்த பிறகு வெளியுலகமும் இதைக் கவனித்தது.

வறுமையிலும் விளையாட்டு என்று நெகிழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவது சுலபம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. கைத்திறன் பழகுவது பற்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உளவியல் ஆய்வுக்கூடங்கள் சொல்லிவருவதற்கு, வசதியான பயிற்சி மைதானத்தைவிட இந்தச் சந்துதான் நெருக்கமாக இருக்கிறது.

சந்தில் மட்டையை ஓங்கி வீச முடியாது. 250 கெஜம் பறக்கும் ஷாட்டுக்கு அங்கே வேலையே இல்லை. துணிக்கொடிக்குக் கீழே ஒன்று, கூரை விளிம்புக்கு மேலே ஒன்று, சாக்கடைக்கு முன்னால் நிற்கும்படி ஒன்று என்று எல்லாமே அளந்து அடிக்கிற ஷாட்கள். கோல்ஃபில் குழிக்கு 100 கெஜத்துக்குள் நடப்பதைக் குறுந்தூர ஆட்டம் என்பார்கள். உயர்த்தித் தூக்கும் பிட்ச், தாழ்வாகத் தள்ளி உருட்டும் சிப், மணல்குழியிலிருந்து எடுக்கும் ஷாட், கடைசியில் குழியை நோக்கி உருட்டும் பட். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர். உடல் பலத்துக்கு இங்கே பெரிய மதிப்பில்லை.

இனி பயிற்சிக்கு வருவோம். மைதானத்தில் பலரும் செய்வது இதுதான்: ஒரு வாளி நிறையப் பந்துகளைக் கொட்டிக்கொண்டு, ஒரே இடத்திலிருந்து ஒரே கொடியை நோக்கி அடித்துக்கொண்டே இருப்பது. இருபதாவது பந்துக்குள் கை பிடிபட்டுவிடும். பந்துகள் கொடியைச் சுற்றி விழத் தொடங்கும். திருப்தியாக வீடு திரும்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அந்தத் திறமை எங்கே போனது என்று தெரியாது.

1979-இல் ஜான் ஷியா, ராபின் மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். சிறு மரத் தடுப்புகளைக் கையால் வேகமாகத் தட்டிவிட வேண்டும். தட்டும் வரிசை மூன்று விதம். ஒரு குழு ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்றொரு குழுவுக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழுதான் வேகம், கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். தடுமாறியவர்களுக்குத்தான் பழகியது கையில் நின்றிருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது மூளை முதல் தடவை போட்ட திட்டத்தையே வைத்து ஓட்டிவிடுகிறது. ஷாட் மாறினால் பழைய திட்டத்தைக் கீழே போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த உழைப்பிலிருந்துதான் திறன் பதிகிறது. நிஜ ஆட்டத்தில் ஒரே ஷாட் இரண்டு முறை அடுத்தடுத்து வருவது அபூர்வம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இதற்கு ஓராண்டு முன்பே, 1978-இல், கெர், பூத் இருவரும் எட்டு வயதுக் குழந்தைகளிடம் செய்த சோதனை இன்னும் வியப்பானது. சில குழந்தைகள் மூன்றடி தூர இலக்குக்கு மட்டுமே சிறு பைகளை எறிந்து பழகினார்கள். மற்றவர்கள் இரண்டடிக்கும் நான்கடிக்கும் எறிந்தார்கள். மூன்றடியைத் தொடவே இல்லை. கடைசியில் மூன்றடித் தேர்வு. ஜெயித்தது அந்தத் தூரத்தில் பழகாத குழந்தைகள்தான். இரண்டு தூரங்களைப் பழகிய கை, நடுவில் உள்ளதைத் தானாகக் கணக்கிடக் கற்றுவிட்டது. செம்பூர் சந்துக்காரருக்கு இந்தச் சோதனையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவருக்கு ஒரே தூரம் இரண்டு முறை கிடைப்பதே இல்லை.

ஆனால் முதல்நாள் மட்டை பிடிப்பவரைக் கலவையில் தள்ளிவிடக் கூடாது. போர்ட்டர், மகில் என்ற ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் கோல்ஃப் பட்டிங்கையே எடுத்துக்கொண்டார்கள். முதலில் ஒரே தூரம், பிறகு வரிசையாக மாறும் தூரங்கள், பிறகு தாறுமாறாக என்று படிப்படியாகச் சிரமத்தைக் கூட்டிய குழு, மற்றவர்களைவிட நன்றாகக் கற்றது.

கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பதிலும் ஒரு தெளிவு கிடைத்திருக்கிறது. கேப்ரியேல வுல்ஃபும் சகாக்களும் 1999-இல் கோல்ஃப் பழகாதவர்களுக்குப் பிட்ச் ஷாட் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம் கை அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், மறு பகுதியினரிடம் மட்டையின் ஓட்டத்தை. மட்டையைக் கவனித்தவர்களே துல்லியமாக அடித்தார்கள். மணிக்கட்டு, தோள், முழங்கை என்று உறுப்பு உறுப்பாகத் திருத்தும் பயிற்சியாளர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பட்டிங்கில் கனடாவின் ஜோன் விக்கர்ஸ் கண்களைப் பின்தொடர்ந்தார். தேர்ந்த ஆட்டக்காரர்களின் பார்வை அடிப்பதற்கு முன் இரண்டு மூன்று விநாடி பந்தின் மேல் ஒரே புள்ளியில் நிற்கிறது. பந்து உருண்டு போன பிறகும் கணநேரம் அங்கேயே இருக்கிறது.

மும்பையில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது: தரை. ஏப்ரல், மே மாதங்களில் காய்ந்து கல்லாகிவிடும் மண், ஜூலையில் சேறு. குறுந்தூர மட்டையான வெட்ஜின் அடிப்பாகத்தில் ஒரு புடைப்பு உண்டு, 'பவுன்ஸ்' என்பார்கள். மணலில் புதைந்துவிடாமல் மட்டை வழுக்கிப் போக இது உதவுகிறது. 1930-களின் தொடக்கத்தில் ஜீன் சாரசன் வடித்தெடுத்த மணல் மட்டையின் ரகசியமும் இதுவே. மணல்குழியில் மட்டை பந்தைத் தொடுவதே இல்லை. பின்னால் உள்ள மணலில் இறங்கி, அந்த மணலோடு பந்தைத் தூக்கி வெளியே போடுகிறது. மழைக்கால ஈரத்தில் பவுன்ஸ் அதிகமுள்ள மட்டை காப்பாற்றும். அதே மட்டை கோடைத் தரையில் மோதி மேலெழும்பி, பந்தின் நடுவயிற்றில் போய் இடிக்கும். மே மாதத்தில் கற்ற சிப் ஜூலையில் ஏன் கைவிடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை. ஆகவே பருவம் மாறும்போது பயிற்சியையும் மாற்ற வேண்டும்.

தரையின் வேலை பட்டிங்கிலும் உண்டு. பட் செய்த பந்து எடுத்த எடுப்பில் உருளுவதில்லை. முதலில் வழுக்கிக்கொண்டு போகிறது. புல்லின் உராய்வு அதைச் சுழற்றிச் சுழற்றி உருளலுக்குக் கொண்டுவருகிறது. சுழலே இல்லாமல் கிளம்பிய பந்து முழு உருளலுக்கு வரும்போது, கிளம்பிய வேகத்தில் ஏழில் ஐந்து பங்குதான் மிஞ்சியிருக்கும். மெதுவாக அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் அதே விகிதம்.

குறுந்தூர ஆட்டமே எல்லாம் என்று சொல்வோரும் உண்டு. நாசாவில் ஆய்வாளராக இருந்துவிட்டுப் பயிற்சியாளரான டேவ் பெல்ஸ், மொத்த ஷாட்களில் 60 சதவீதத்துக்கும் மேல் இங்கேதான் செலவாகின்றன என்று கணக்குக் காட்டினார். எண்ணிக்கை சரியே. ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளின் ஷாட்களை அலசியபோது, முன்னணி வீரர்களைப் பிரித்துக்காட்டுவதில் மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு அப்பால் அடிப்பதுதான் என்று தெரிந்தது. அவர்களே 8 அடி பட்டில் பாதியைத்தான் குழியில் போடுகிறார்கள். 20 அடியில் நூற்றுக்குப் பதினைந்து. எட்டடியில் தவறவிட்டு நொந்துகொள்கிறவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியிருந்தும் நம்மைப் போன்றவர்களுக்குக் குறுந்தூரப் பயிற்சியையே முதலில் சொல்வேன். ஐம்பது வயதுக்காரர் 40 கெஜம் கூடுதலாக அடிக்கக் கற்பது கடினம்; மூன்று பட்டை இரண்டாகக் குறைப்பது அவருக்குக் கைகூடும். ஹால் தரையில் ஒரு பாய் போதும். ஒரே ஒரு பந்து. மூன்றடி, ஏழடி, ஐந்தடி என்று ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி, நின்று, பார்த்து, அடித்து, நடந்து போய் எடுத்து வர வேண்டும். வாளிப் பந்துகளைவிட அலுப்பாக இருக்கும், தவறுகளும் கூடும். அதுதான் பலன் தருகிறது.

பை சுமந்தவர்கள் இந்திய கோல்ஃபில் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்பது பதிவாகியிருக்கிறது. 1991-இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லி கிளப்பில் பை சுமந்தவர். 2009-இல் அதே கோப்பையை வென்ற பெங்களூரு முனியப்பாவும் அப்படித்தான். இப்படிப்பட்டவர்கள் பழக இடம்தான் வேண்டும். 18 குழி மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். ஒரு சிப்பிங் திடலுக்கும் பட்டிங் தரைக்கும் பாட்மின்டன் கோர்ட் இரண்டு சேர்ந்த அளவு போதும். முலுண்டிலும் செம்பூரிலும் மாநகராட்சித் திடல்களில் அத்தனை மூலை இருக்கிறது. அதில் ஒன்றைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவிட்டால், கம்பி மட்டையோடு வருபவரும் அங்கே பழகலாம்.