ஜோகதியின் பாட்டும் நம்மூர் ரதியும்

2021 நவம்பர் 9, டில்லி ராஷ்டிரபதி பவன். பத்மஸ்ரீ விருதுக்குப் பெயர் அழைக்கப்பட்டதும் மஞ்சம்மா ஜோகதி உடனே கையை நீட்டவில்லை. ஜனாதிபதி ராம்நாத் கோவிந்தின் முன்னால் நின்று, சேலை முந்தானையால் அவருக்குக் கண்ணூறு கழித்தார். மண்டபமே கைதட்டியது. வாழ்நாளெல்லாம் பிறரிடம் கையேந்த வைக்கப்பட்டவர், நாட்டின் தலைவருக்கு ஆசி வழங்கிய அந்தக் கணத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

கர்நாடகத்தின் பெல்லாரிப் பக்கத்தில் மஞ்சுநாத ஷெட்டியாகப் பிறந்தவர் அவர். பெண்ணாக உணர்ந்த பிள்ளையை, பதின்ம வயதில், குடும்பம் எல்லம்மா என்ற தெய்வத்துக்கு ஜோகதியாக நேர்ந்துவிட்டது. அதன்பின் வீட்டில் இடமில்லை. நஞ்சு குடித்துப் பிழைத்தார். தெருவில் பிச்சை எடுத்தார். தாவணகெரே பஸ் நிலையத்தில் ஒரு தகப்பன் பாட, மகன் தலையில் குடம் வைத்து ஆடுவதைக் கண்டார். அவர்களிடமே அந்த ஆட்டத்தைக் கற்றார். பிறகு காளவ்வா ஜோகதியின் குழுவில் சேர்ந்து, அவர் காலமானதும் குழுவைத் தானே நடத்தினார்.

அன்றைக்கு ஜோகதி பாட்டு வாசலில் நின்று பாடுகிற பாட்டு. சௌடிகே என்ற வாத்தியத்தின் நரம்பை மீட்டி ரேணுகை எல்லம்மாவின் கதையைப் பாடினால் முறத்தில் அரிசி விழும். அந்தக் கதை நமக்கும் சொந்தம்தான்; நம் தோட்டத்து மாரியம்மனுக்குச் சொல்லப்படும் கதைகளிலும் ரேணுகை உண்டு. பாடுகிறவரைச் சாமியின் ஆளாகக் கும்பிட்டார்கள். கலைஞராக மதிக்கவில்லை, மனுசராகச் சேர்க்கவுமில்லை.

2010இல் கர்நாடக ராஜ்யோத்சவ விருது வந்தது. 2019இல் அந்த மாநிலத்தின் ஜனபத அகாதமிக்கே தலைவரானார். நாட்டார் கலைஞருக்கு விருது கொடுக்கும் இடத்தின் நாற்காலியில் ஒரு திருநங்கை உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. பத்மஸ்ரீயைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாட்டு அதே எல்லம்மா பாட்டுத்தான். எது கலை என்று முடிவு செய்யும் இடத்துக்கு அதைப் பாடியவர் வந்துவிட்டார்.

மதத்தோடு இன்னொரு விதமாக மோதிய பாட்டுக்காரரும் உண்டு. கனடாவின் கல்கரியில் பெந்தகோஸ்தே குடும்பத்தில் வளர்ந்த ரே ஸ்பூன் என்ற பால்மாறிய கலைஞர், நாட்டார் பாட்டும் அங்கத்தைய கன்ட்ரி பாட்டும் தானே எழுதிப் பாடியவர். 2013இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது. அவருக்கு மதம் வீட்டுக்குள்ளேயே சுவராக நின்றது. மஞ்சம்மாவை மதம் ஏற்றுக்கொண்டு, வாசலிலேயே நிறுத்தியது.

இலங்கை மலையகத்தில் நம் கதை என்ன? மாசி பிறந்து காமன் கூத்துக்குக் காமன் ஊன்றினால் ஆண்கள் சேலை கட்டி, பூ வைத்து ரதியாவார்கள். எரிந்த மன்மதனுக்காக ரதி அழும்போது கூட அழாத பெண்கள் குறைவு. அந்த வேடத்தை ஊரே கும்பிடும். வேடம் கலையாமல் வாழ நினைக்கிற பிள்ளைக்கு மட்டும் ஏச்சு. மாநகர சபைத் துப்புரவுத் தொழிலாளரின் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் கண்டி மஹய்யாவைக்கு, ஒருவரைத் தள்ளி வைப்பது எப்படி வலிக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தப்பு அடித்த கையை இந்தச் சமூகம் எப்படி நடத்தியது என்பதை நாம் மறக்கவில்லையே!

இலங்கையில் சட்டம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை பால்நிலை அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி திறந்தது. அதைக்கொண்டு பிறப்புச் சான்றிதழில் பெயரும் பாலும் திருத்தலாம். ஆனால் திருநங்கைகளைப் பிடித்துப்போக, 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தையும் பொலிஸ் எடுத்திருக்கிறது.

வரும் மாசியில் ரதி வேடத்தை, பாடத் தெரிந்த ஒரு திருநங்கையிடமே கொடுக்கலாம். பேரும் சம்பளமும் நோட்டீசில் மற்றக் கலைஞர்களைப் போலவே போகட்டும். ரதியின் ஒப்பாரியை மெட்டோடு சொல்லிக்கொடுக்கக் கூத்து மாஸ்டர்மார் இன்னும் இருக்கிறார்கள்.