பாட்டின் நடுவே விழும் வெட்டு

பினாங்கின் பாகான் டாலாம் போன்ற ஊர்களில் பதிவறை என்பது பெரும்பாலும் படுக்கையறைதான். கட்டில் ஓரம் ஒரு மேசை, அதில் லேப்டாப், ஆடியோ இண்டர்ஃபேஸ், மைக்; வெளிச்சத்தம் நுழையாமலிருக்கச் சன்னலில் கனமான போர்வை. உறுமி மேளப் பாட்டும் ராப்பும் இப்படிப்பட்ட அறைகளில்தான் பிறக்கின்றன. அங்கே ஓயாமல் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. நன்றாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே 'டிக்' என்று ஒரு சத்தம், அல்லது சொல்லில் ஓர் எழுத்தையே காணோம். "லேப்டாப்பை மாத்திடலாம்" என்ற பேச்சு உடனே எழுகிறது. பணத்தை எடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள். பல வேளைகளில் கணினிக்குத் திறன் போதாமல் இல்லை. அது நேரம் தவறுகிறது.

மைக்கில் விழும் குரலை இண்டர்ஃபேஸ் நொடிக்கு 48,000 சாம்பிள்களாக அளக்கிறது. அவை ஒவ்வொன்றாகப் போவதில்லை. ஆட்கள் சேர்ந்ததும் படகு புறப்படுவதுபோல், ஒரு தொகுதி சேர்ந்ததும் கணினிக்குள் போகின்றன. அந்தத் தொகுதியின் அளவுதான் பஃபர். 128 என்று வைத்தால், சுமார் 2.7 மில்லிநொடிக்கு ஒரு தொகுதி வந்து நிற்கும். அதற்குள் முந்தையதைக் கணினி முடித்தாக வேண்டும். ஒரு முறை தாமதித்தாலும் அந்தத் தொகுதி போயிற்று. ஒலி அலை நடுவில் அறுந்து வேறோர் இடத்தில் தொடர்வதால், அவ்வளவு சிறிய இடைவெளிகூடக் காதில் சுருக்கென்று தைக்கும்.

பஃபரை 1024 ஆக்கினால் கணினிக்கு 21 மில்லிநொடி அவகாசம் கிடைக்கும், வெட்டும் குறையும். ஆனால் பாடுகிறவரின் குரல் ஹெட்ஃபோனில் பிந்தி வரும். போக, வர என்று இரண்டு வழியிலும் தாமதம் சேர்வதால் உறுமி அடிப்பவருக்குத் தாளமே நழுவிவிடும். இதற்கு நான் சொல்வது நேரடிக் கண்காணிப்பு. பல இண்டர்ஃபேஸ்களில் 'டைரக்ட் மானிட்டர்' என்று ஒரு பொத்தானோ திருகோ இருக்கும். அதைப் போட்டால் குரல் கணினிக்குள் போய்வராமல் நேரே காதுக்கு வரும். பிறகு பஃபர் 512 ஆனாலும் 1024 ஆனாலும் பாடுகிறவருக்குக் கவலையில்லை. இந்தப் பொத்தானைத் தொடாமலே பஃபரை 64-இல் வைத்து மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை.

அப்படியும் வெட்டு நிற்கவில்லை என்றால், குறுக்கே நிற்பது யார் என்று தேட வேண்டும். விண்டோஸில் வைஃபை, புளூடூத், கிராஃபிக்ஸ் டிரைவர்கள் அவ்வப்போது செயலியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. லேட்டன்சிமான் என்ற மென்பொருளைச் சற்று நேரம் ஓடவிட்டால் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டும். பதிவின்போது வைஃபையை அணைப்பதிலேயே பாதிப் பேருக்குத் தொல்லை தீர்ந்தாலும் வியப்பில்லை. இண்டர்ஃபேஸை ஹப்பில் செருகாமல் நேரே லேப்டாப்பில் செருகுங்கள். யூஎஸ்பி துளைகளைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு அமைப்பை நிறுத்துங்கள். இண்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏஸியோ டிரைவரைப் போடுங்கள். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த அந்த முறை இந்த வேலைக்கென்றே உருவானது.

நம் ஊருக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. மைக் பிடித்துவிடும் என்று காற்றாடியையும் ஏர்கோனையும் அணைக்கிறோம், சன்னலையும் மூடிவிடுகிறோம். பினாங்குப் புழுக்கத்தில் அறை வெந்துபோகிறது. சூடு ஏறியதும் லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. முதல் பாட்டு சுத்தமாக வந்து மூன்றாவது பாட்டில் வெட்டு விழுந்தால் முதலில் சூட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். லேப்டாப்பை மெத்தையிலிருந்து எடுத்து, அடியில் காற்று போகும்படி தூக்கி வையுங்கள். ஒவ்வொரு பாட்டுக்குப் பிறகும் கதவைத் திறந்து காற்றாடியைப் போடுங்கள்.

எதை மாற்றும் முன்னும் ஒரு சோதனை. பதிவைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வெட்டு கேட்டால் அது கோப்பிலேயே விழுந்துவிட்டது. இடம் மாறினால் பதிவு நன்றாகவே இருக்கிறது. ஒலிக்கும்போதுதான் கணினி திணறுகிறது. இது தெரியாமல் நல்ல பாட்டை அழித்துவிட்டு மறுபடி பாடவைப்பது கொடுமை.

இளைஞர்கள் மறுபடி பாடிவிடுவார்கள். தோட்டத்துத் தாலாட்டும் ஒப்பாரியும் நெஞ்சில் வைத்திருக்கும் பாட்டிமார்கள் அப்படியல்ல. ஒருமுறை வந்த உருக்கம் இன்னொருமுறை வராது. "இன்னொரு தடவ பாடுங்க பாட்டி" என்று கேட்கவும் வாய் வராது. அவர்களை உட்கார வைக்கும் முன், அதே அறையில், அதே சூட்டில், அரைமணி நேரம் வெறுமனே பதிந்து பாருங்கள். பாடும்போது பஃபரைப் பெரிதாக வையுங்கள். பக்கத்தில் கைப்பேசியிலும் தனியே ஒரு பதிவு ஓடட்டும். தரம் குறைந்தாலும், கணினி தவறவிட்ட சொல் அதில் இருக்கும்.